பதினான்கு கோடு, பதினொரு முனை

பாரிட் புந்தார்க்காரனுக்கு லீவு என்பது ஆற்றின் எந்தக் கரையில் நிற்கிறான் என்பதைப் பொறுத்தது. கிரியான் ஆற்றின் தென்கரையில் நாங்கள், பேராக் மாநிலம். பாலத்தைத் தாண்டினால் பண்டார் பாரு, அது கெடா. அப்படியே வடமேற்கே திரும்பினால் நிபோங் திபால், அது பினாங்கு. காலையில் சைக்கிளை எடுத்தால் இரண்டு சுல்தான்களின் மண்ணையும் ஓர் ஆளுநரின் மண்ணையும் மிதித்துவிட்டு மதியச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

என் மகளுக்குக் கெடாப் பக்கம் ஆசிரியை வேலை. அங்கே வெள்ளியும் சனியும் வார ஓய்வு. ஞாயிறு காலையில் நாங்கள் தோசைக்கல்லைப் போடும்போது அவள் வகுப்பில் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருப்பாள். மகன் பினாங்குப் பக்கம். அவன் மாநிலத்தில் ஜூலையில் ஆளுநர் பிறந்தநாளுக்கு லீவு. அதே ஜூலை 7-ஆம் தேதி, ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நகரமானதற்கும் லீவு. எங்களுக்கு அந்த இரண்டும் கிடையாது. அதற்குப் பதில் நவம்பர் முதல் வெள்ளியில் எங்கள் சுல்தான் பிறந்தநாள் வரும். அன்றைக்கு மகன் வேலைக்குப் போவான். தைப்பூசத்துக்கு இந்தக் கரையில் பொது விடுமுறை, கெடாக் கரையில் அது மாநில முதல்வரான மந்திரி புசாரின் மனம். 2021-இல் மனம் வரவில்லை. வழக்கமாகக் கொடுத்து வந்த சிறப்பு லீவு அந்த ஆண்டு இல்லை என்றார்கள். முருகன் ஒருவன்தான், அவனைக் கும்பிடப் போவதற்கு மட்டும் ஆற்றுக்கு ஆறு விதி.

ஆகையால் எங்கள் குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டுமென்றால், தீபாவளியை விட்டால், தேசிய நாள்களைத்தான் நம்பியிருக்க வேண்டும். ஆகஸ்ட் 31, செப்டம்பர் 16, மே 1. எங்கள் வீட்டில் நாட்டுப்பற்று ஆட்டுக்கறி வாசனையோடு வருவது இதனால்தான்.

லீவை இப்படிக் கணக்குப் பார்ப்பது எங்களுக்குப் பரம்பரைப் பழக்கம். அப்பா 1925-இல் தமிழ்நாட்டில் பிறந்து, நடக்கத் தெரிந்த வயதில் தாத்தாவோடு கப்பலேறி வந்தவர். பாகான் செராய்க்கும் பாரிட் புந்தாருக்கும் இடையில் ஒரு கித்தாத் தோட்டம். இந்த வட்டாரத்துக்குத் தமிழர்களை முதலில் இழுத்தது கரும்பு. பிறகு கரும்பைப் பிடுங்கிவிட்டு ரப்பர் நட்டார்கள். அப்பா தோட்டப் பள்ளியில் படித்த காலத்தில் நன்றி சொல்ல வேண்டிய நாள் மே 24. ‘எம்பயர் டே.’ விக்டோரியா மகாராணியின் பிறந்தநாள். அம்மையார் 1901-இலேயே கண்ணை மூடிவிட்டார். “செத்தவங்களுக்குத் திவசந்தானே கொடுப்போம், வெள்ளைக்காரன் பொறந்தநாள் கொண்டாடுறான்” என்று தாத்தா வியந்துகொண்டே இருந்தாராம். பெரிய துரை வெள்ளைக் காற்சட்டையும் தொப்பியுமாக வந்து கொடியேற்றுவார். தோட்டத்து எழுத்தரான கிராணி அவர் பேச்சை மொழிபெயர்ப்பார். அதாவது துரை ஐந்து நிமிடம் பேசுவதை “எல்லாரும் விசுவாசமா இருக்கணும்னு சொல்றாரு” என்று ஒரே வரியில் முடிப்பார். பிறகு பிள்ளைகளுக்கு ரொட்டியும் சர்க்கரைத் தண்ணீரும்.

அப்பா நேரில் கண்ட பெரிய விழா, 1937 மே 12-இல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் முடிசூடியது. அந்தத் தேதி உண்மையில் அவருடைய அண்ணன் எட்டாம் எட்வர்டுக்காகக் குறித்தது. அவர் முடி வேண்டாம், மணந்துகொள்ள விரும்பும் பெண் போதும் என்று விலகிக்கொண்டார். தேதியை மாற்றவில்லை, தலையை மட்டும் மாற்றினார்கள். எட்வர்டு முகம் போட்ட பீங்கான் குவளைகள் ஏற்கெனவே சந்தைக்கு வந்துவிட்டிருந்தன. தோட்டத்து ஜனங்கள் வாழ்த்தியது அண்ணனையா தம்பியையா என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. வாழ்த்தச் சொன்னார்கள், வாழ்த்தினார்கள்.

நான்கரை ஆண்டு கழித்து, 1941 டிசம்பரில், எங்கள் கிரியான் ஆற்றையே அரணாக வைத்து ஜப்பானியரைத் தடுக்கலாம் என்று பிரிட்டிஷ் படை பார்த்தது. ஆறு ஒத்துழைக்கவில்லை. படை தெற்கே போயிற்று. துரை அதற்கு முன்னாலேயே போய்விட்டார். விசுவாசமாக இருக்கச் சொன்னவர்கள் எல்லாரும் போன பிறகு விசுவாசத்தை யாரிடம் ஒப்படைப்பது என்று தெரியாமல் நின்றவர்களுக்குச் சீக்கிரமே பதில் வந்தது. ஏப்ரல் 29, ஜப்பானியச் சக்கரவர்த்தியின் பிறந்தநாள். கொடியில் இப்போது சிவப்பு வட்டம். ஜப்பானியக் கணக்கில் வருடம் 1942 அல்ல, 2602. கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளித் தோக்கியோ நேரத்துக்கு வைத்துவிட்டதால், விடியாமலே விடிந்துவிட்டது. கிழக்கே தோக்கியோ இருக்கும் திசை பார்த்து இடுப்பை வளைத்து வணங்க வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்திலிருந்து நேர் கிழக்கே இருந்தது கள்ளுக்கடை. “அந்தக் கடைக்கு அவ்வளவு மரியாதை அதுக்கு முன்னாலயும் இல்ல, பின்னாலயும் இல்ல” என்பார் அப்பா. எப்போது சொன்னாலும் அவர் மட்டும் சிரிக்காமல் சொல்வார். ஏனென்றால் கதை அதற்கடுத்து சயாம் மரண ரயிலுக்குப் போகும். அவருடைய அண்ணன், என் பெரியப்பா, அந்த 415 கிலோமீட்டர் பாதை போட லாரியில் ஏற்றப்பட்டவர்களில் ஒருவர். திரும்பவில்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து அப்படிப் போன தமிழர்கள் பல்லாயிரம். காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்கு அழகான கல்லறைத் தோட்டம் இருக்கிறது; ஏறக்குறைய 7,000 கல்லறைகள், வரிசை தப்பாத கற்கள், வெட்டிவிட்ட புல். ஒவ்வோர் ஏப்ரல் 25-ஆம் தேதியும் ஆஸ்திரேலியர்கள் விடியலுக்கு முன் வந்து அந்த ரயில் பாதையில் நின்று தங்கள் பிள்ளைகளை நினைக்கிறார்கள். நன்றி சொல்லத் தெரிந்த ஜனங்கள். பெரியப்பாவுக்குக் கல் இல்லை. செத்த தேதியும் தெரியாததால் தாத்தா ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் அவருக்குச் சேர்த்து இலை போட்டார். அரசாங்கம் அறிவிக்காத நினைவுநாள் அது.

ஜப்பானியர் ஆண்ட அந்த மூன்றரை ஆண்டுக்குள்ளேயே நேதாஜி வந்தார். 1943 அக்டோபர் 21-இல் சிங்கப்பூரில் சுதந்திர இந்திய அரசாங்கம் அறிவிக்கப்பட்டது. தோட்டத்துப் பெண்கள் காதிலும் கழுத்திலும் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தார்கள். பால்வாளி தூக்கிய பெண்கள் ஜான்சிராணிப் படையில் துப்பாக்கி தூக்கினார்கள். அப்பா சொன்ன எல்லா விழாக்களிலும், மேலேயிருந்து உத்தரவு வராமலே கண்ணில் தண்ணீர் வந்த விழா அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். 1947 ஆகஸ்ட் 15-இல் தோட்டத்தில் மூவர்ணக் கொடி ஏற்றினார்கள். திரும்பி வந்திருந்த துரை வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். மறுநாள் பெரட்டில் வழக்கம்போல் பெயர் கூப்பிட்டார்கள்.

இப்படி இருபத்திரண்டு வயதுக்குள் அப்பா இரண்டு பிரிட்டிஷ் மன்னர்களுக்கும், ஒரு ஜப்பானியச் சக்கரவர்த்திக்கும், ஒரு சுதந்திர இந்தியாவுக்கும் நன்றி சொல்லி முடித்திருந்தார். எல்லாம் அதே பெரட்டுக் களத்தில், ஏறக்குறைய அதே கொடிக்கம்பத்தின் கீழ். கம்பம் நல்ல செங்கால் மரம், கறையான் ஏறாது.

1957 ஆகஸ்ட் 31 சனிக்கிழமை. கோலாலம்பூரில் துங்கு அப்துல் ரஹ்மான் ஏழு முறை ‘மெர்டேக்கா’ என்று முழங்கியதைத் தோட்டத்தில் கிராணி வீட்டு ரேடியோவைச் சன்னலில் தூக்கிவைத்துக் கேட்டார்கள். அம்மாவின் இடுப்பில் இரண்டு வயது அக்கா. அந்த நாளின் மீது ஒரு சட்டக் கோடு விழுந்திருக்கிறது என்று அங்கே நின்ற யாருக்கும் தெரியாது. அந்தத் தேதியில் அல்லது அதற்குப் பிறகு மலாயாக் கூட்டரசில் பிறந்த பிள்ளை அன்றைய சட்டப்படியே குடிமகன். அதற்கு முன் பிறந்த பிள்ளைக்கு, பெற்றோர் இருவரும் வெளியே பிறந்தவர்கள் என்றால், அப்படி இல்லை. விண்ணப்பித்துப் பதிந்துகொள்ள வேண்டும். பதிவதற்கு டவுனுக்குப் போக வேண்டும். டவுனுக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும். வெற்றிலை வைத்துப் பேசிப் பார்த்ததில் கூலிதான் வென்றது. அடுத்த ஆண்டு நான் பிறந்தேன். ஒரே லயன் வீடு, ஒரே மருத்துவச்சி, ஒரே தொட்டில் சேலை. வளர்ந்த பிறகு அக்காவுக்குச் சிவப்பு அடையாள அட்டை, எனக்கு நீலம். நான் நாட்டுக்கு அதுவரை செய்திருந்த ஒரே சேவை, கொஞ்சம் தாமதமாகப் பிறந்தது.

இனி நானே கண்டது.

1965-இல் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் முதல் வகுப்பில் சேர்ந்தேன். பெரிய வாத்தியார் கொடியில் கண்ணும் கருத்துமாக இருப்பவர். அவரிடம் இருந்தது 1957-இல் வாங்கிய கொடி. 11 மாநிலத்துக்கு 11 கோடு, 11 முனை நட்சத்திரம். 1963-இல் சபா, சரவாக், சிங்கப்பூர் சேர்ந்து மலேசியா ஆனதும் கோடும் முனையும் 14 ஆகிவிட்டன. புதுக்கொடிக்குப் பள்ளியில் காசில்லை. துணி நன்றாகத்தான் இருக்கிறது, ஏன் தூக்கிப் போட வேண்டும் என்று கடைத்தெருத் தையல்காரரிடம் கொடுத்து, கீழே வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என மூன்று கோட்டைச் சேர்த்துத் தைத்து வாங்கிவிட்டார். கணக்குச் சரியாகத்தான் வந்தது; பழைய கொடி சிவப்பில் முடியும், புதியது வெள்ளையில் முடிய வேண்டும். ஆனால் நட்சத்திரத்துக்கு முனை வைத்துத் தைக்கும் தையல்காரர் பாரிட் புந்தாரில் அன்றைக்கு இல்லை. ஆகவே எங்கள் பள்ளியின் தேசியக் கொடி வழக்கத்தைவிட உயரம் கூடியதாய், 14 கோடும் 11 முனையுமாகப் பறந்தது. கோட்டுக்குச் சேர்ந்தவர்கள் நட்சத்திரத்துக்கு இன்னும் சேரவில்லை என்பதுபோல.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 9-இல் சிங்கப்பூர் பிரிந்தது. தேசிய தினத்துக்கு மூன்று வாரம் இருக்கிறது. பெரிய வாத்தியார் கொடியைப் பெஞ்சின் மேல் விரித்துவைத்து, கையில் கத்தரிக்கோலோடு வெகுநேரம் யோசித்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கடைசிக் கோட்டை வெட்டினால் கொடி மறுபடி சிவப்பில் முடியும். அதற்குள் மேலிடத்திலிருந்து உத்தரவு ஒன்றும் வராததால் கத்தரிக்கோலை மேசைக்குள் வைத்துவிட்டார். நல்ல வேளை. கோலாலம்பூரும் கோட்டை வெட்டவில்லை. 14-ஆவது கோடு கூட்டரசு அரசாங்கத்தைக் குறிக்கும் என்று பின்னால் விளக்கம் கொடுத்தார்கள். தையற்கூலியை மிச்சம் பிடிக்கும் புத்தி பெரிய வாத்தியாருக்கு மட்டும் உரியது அல்ல.

தேசிய கீதமான நெகாராகூவிலும் எங்களுக்கு ஓர் உரிமை உண்டு, பேராக்காரர்கள் இதைச் சொல்லாமல் விடமாட்டோம். சுதந்திரத்துக்கு முன் நாட்டுப்பண் வேண்டும் என்று போட்டி வைத்ததில் உலகமெங்குமிருந்து 514 மெட்டுகள் வந்தன. பெஞ்சமின் பிரிட்டன், வில்லியம் வால்டன் போன்ற பெரிய கைகளிடமும் கேட்டு வாங்கினார்கள். எதுவும் தேறவில்லை. கடைசியில் கையருகே இருந்த பேராக் மாநிலக் கீதத்தின் மெட்டையே எடுத்துக்கொண்டார்கள். அதே மெட்டு அதற்கு முன் ‘தெராங் பூலான்’ என்ற காதல் பாட்டாக நாடகக் கொட்டகைகளில் வலம்வந்தது. லண்டனில் ‘மாமுலா மூன்’ என்று நடன இசையாகவும் இசைத்தட்டில் ஓடியது. 1957-க்குப் பிறகு அதற்கு யாரும் ஆடக்கூடாது, நிமிர்ந்து நிற்க வேண்டும். நாங்கள் நின்றோம். மெதுவாக, ஒவ்வோர் எழுத்தையும் இழுத்துப் பாடப் பழகினோம். 1992-இல் நாடு வேகமாக முன்னேறுகிறது, பாட்டு மட்டும் ஏன் ஊர்ந்து போகிறது என்று அணிவகுப்பு நடைக்கு மாற்றினார்கள். என் மகளும் மகனும் பள்ளியில் பாடியது அந்த விரைவு வண்டி. 2003-இல் பழைய நடைக்கே திரும்பினார்கள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் நான்கு பேர் சேர்ந்து பாடினால், பிள்ளைகள் இருவரும் முதலில் முடித்துவிட்டு எங்களுக்காகக் காத்திருப்பார்கள்.

மன்னர் பிறந்தநாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒன்பது மாநில ஆட்சியாளர்கள் ஐந்தாண்டுக்கு ஒருவராகச் சுற்று முறையில் மாமன்னர் ஆகிறார்கள். பல பத்தாண்டுகள் அவர்கள் அத்தனை பேரும் ஜூன் மாதம் முதல் சனிக்கிழமை பிறந்தவர்களாகவே இருந்தார்கள். எங்கள் தோட்டத்துக் கோயில் பூசாரி ஜாதகம் பார்ப்பவர். இதைக் கேட்டதிலிருந்து அரசியலைப் பற்றி வாயே திறப்பதில்லை.

1969 கலவரத்துக்குப் பிறகு விழாக்களின் நிறம் கொஞ்சம் மாறியது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் அமலானது. சீட்டு கிடைக்காதவர்கள், கிடைக்குமா என்று தவிக்க விரும்பாதவர்கள், பினாங்குத் துறைமுகத்தில் ரஜூலா கப்பல் ஏறினார்கள். அந்தச் சில ஆண்டுகளில் சுமார் 60,000 பேர் இந்தியா போனார்கள் என்பது பலரும் சொல்லும் கணக்கு. எங்கள் லயத்தில் எதிர்வீடு காலியானது. முப்பது ஆண்டு பால் வெட்டிய மனிதர். போகும்போது வெட்டுக்கத்தியைத் திரும்ப ஒப்படைத்துவிட்டுத்தான் கணக்கு முடிக்க முடிந்தது. அவருக்கு நன்றி என்று கிராணி ஆபீசில் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அப்படி ஒரு பாரம் அச்சடிக்கப்படவே இல்லை.

1970 ஆகஸ்ட் 31-இல் ருக்குன் நெகாரா பிரகடனம் ஆனது. சீக்கிரமே பள்ளி நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் ஏறிவிட்டது, வாய்ப்பாட்டின் அண்டை வீடாக. இறைவன்மீது நம்பிக்கை, மன்னருக்கும் நாட்டுக்கும் விசுவாசம் என்று ஐந்து கோட்பாடு. பக்கத்தில் ஏழேழு நாற்பத்தொன்பது. எதை ஒப்பித்தாலும் தப்பினால் பிரம்பு ஒன்றுதான் என்பதால் எனக்கு இரண்டும் இன்றுவரை மறக்கவில்லை.

பிறகு நான் கொஞ்சகாலம் சின்னக் கிராணியாக இருந்தேன். பேச்சாளர்கள் தேசிய தினத்தை மேடையில் பார்க்கிறார்கள். நான் கூலிக் கணக்கு எழுதும் செக்ரோலில் பார்த்தவன். இன்றைய வேலைச் சட்டத்தில் ஆண்டுக்கு 11 நாள் சம்பளத்தோடு பொது விடுமுறை. அவற்றில் ஐந்தை முதலாளி மாற்ற முடியாது: தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசிய தினம். தீபாவளி அந்த ஐந்தில் இல்லை, முதலாளி தேர்ந்தெடுக்கும் மீதி ஆறில் வர வேண்டும். பொது விடுமுறை நாளில் வேலை வாங்கினால் லீவுச் சம்பளத்துக்கு மேல் இரண்டு நாள் கூலி, ஆக மூன்று. எனவே ஆகஸ்ட் 31-இல் வேலைக்கு வருகிறேன் என்று கையைத் தூக்காத ஆள் தோட்டத்தில் கிடையாது. வேண்டாம், வீட்டில் இருந்து சுதந்திரத்தைக் கொண்டாடுங்கள் என்று உருக்கமாகச் சொல்வது நிர்வாகம். நாட்டின்மீது இத்தனை பற்றுள்ள மேனேஜர்களை நான் வேறெந்த மாதத்திலும் கண்டதில்லை. தொழிலாளர் தினத்துக்கு லீவு என்பதே 1972-இல்தான் அறிவிக்கப்பட்டது. அதுவரை மே 1 எங்களுக்குச் செடிக்கு உரம் போடும் நாள்களில் ஒன்று.

நன்றியை நாடு எப்படிக் கையாள்கிறது என்று பார்க்க வேண்டுமானால் ஈப்போவுக்குப் போக வேண்டும். பழைய நகரத்தில் ஒரு மணிக்கூண்டு இருக்கிறது. பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஜே.டபிள்யூ.டபிள்யூ. பர்ச் நினைவாக 1909-இல் எழுப்பியது. 1875-இல் பாசிர் சாலாக்கில் ஆற்றங்கரைக் குளியலறையில் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டவர். அதற்காக மகாராஜா லேலாவும் டத்தோ சாகோரும் 1877-இல் தூக்கில் தொங்கினார்கள். கூண்டின் நான்கு மூலையிலும் விசுவாசம், நீதி, பொறுமை, மனத்திண்மை என்று நான்கு சிலைகள். பிரிட்டிஷ் ஆட்சியின் குணங்களாம். சுதந்திரம் வந்த பிறகு கூண்டை இடிக்கவில்லை. சுற்றியுள்ள வீதிகளுக்குப் பெயரை மட்டும் மாற்றினார்கள்: ஒன்று மகாராஜா லேலா சாலை, ஒன்று டத்தோ சாகோர் சாலை. செத்தவர் நடுவில் நிற்கிறார், கொன்றவர்கள் இரு பக்கமும் காவல். இதைவிட நாகரிகமான சமரசத்தை நான் பார்த்ததில்லை. கண் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அங்கே கொஞ்சம் உட்காருவேன். பர்ச் பக்கமும் நியாயம் உண்டு, லேலா பக்கமும் நியாயம் உண்டு. வெயில் ஏறினால் எல்லார் நிழலும் ஒரே நீளம். அந்தக் கூண்டைச் சுற்றி மூன்றாவதாக ஒரு சாலை காலியாக இருந்தால் பால்மரத்துக் கத்தியின் பேரை வைக்கச் சொல்லி விண்ணப்பம் போடலாம் என்று நினைப்பேன். டாக்டர் கண்ணில் மருந்து விட்டுவிடுவதால் எழுத முடிவதில்லை.

இப்போது தோட்டம் செம்பனை. பெரட்டுக் களம் இருந்த இடத்தில் உர மூட்டைக் கொட்டகை. குலை வெட்டுபவர்கள் பெரும்பாலும் வங்காளதேசம், இந்தோனேசியா. எங்கள் லயன் வீடுகளில் இப்போது அவர்கள். போன ஆகஸ்டில் ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனேன். ஒவ்வொரு வாசலிலும் சின்ன மலேசியக் கொடி. நிர்வாகம் கொடுத்ததாம். சட்டைக்கு வெளியே அனுமதிச் சீட்டைத் தொங்கவிட்ட ஓர் இளைஞன் அதை நிமிர்த்திக் கட்டிக்கொண்டிருந்தான். ‘யாருக்கு இந்தக் கொடி, தம்பி?’ என்று மலாயில் கேட்டேன். ‘முதலாளி சொன்னார்’ என்றான். அப்பாவின் எண்பது வருட வரலாற்றை அவன் இரண்டு சொல்லில் முடித்துவிட்டான்.

டவுனிலோ ஆகஸ்ட் பிறந்தால் கொடிக்குப் பஞ்சமே இல்லை. எண்ணெய் நிலையத்தில் கொடி, காப்பிக் கடையில் கொடி, மைலோ டின்னில் கொடி. 1997-இல் அதற்கு ஜாலூர் கெமிலாங் என்று பெயர் சூட்டினார்கள். 2025 ஏப்ரலில் இருந்து பள்ளிப் பிள்ளைகள் சட்டையில் கொடிச் சின்னம் குத்திக்கொண்டுதான் போக வேண்டும். கொடியில் யாராவது எதையாவது விட்டுவிட்டாலோ தலைகீழாய்க் கட்டினாலோ போலீசில் புகார், வருத்தக் கடிதம், பத்திரிகையில் நான்கு நாள் விவாதம். எங்கள் பெரிய வாத்தியார் நல்ல காலத்தில் வாழ்ந்து போய்ச் சேர்ந்தார். 11 முனைக்கு அவருக்கு இன்றைக்கு ஜாமீன் கிடைத்திருக்குமா தெரியவில்லை.

மலேசிய தினமும் தன் பங்குக்குக் காத்திருந்துதான் வந்தது. 1963 செப்டம்பர் 16-இல் பிறந்த மலேசியா, தன் பிறந்தநாளுக்கு நாடு முழுக்க லீவு வாங்க 2010 வரை பொறுத்தது. 47 வருடம். அக்கா இதைக் கேட்டு, “பரவால்ல, நானும் லைன்லதானே நிக்கிறேன்” என்றாள்.

அக்கா நின்ற வரிசை அதைவிட நீளம். தோட்டப் பள்ளியில் ஆறு வருடம் நெகாராகூ பாடியவள், நாற்பது வருடம் பால் வெட்டியவள், மூன்று பிள்ளை பெற்றவள். மூன்றும் நீல அட்டை. இவள் மட்டும் சிவப்பு. ஒவ்வொரு முறை விண்ணப்பம் போட்டுவிட்டு வரும்போதும், “இன்னொரு தாள் கொண்டாரணுமாம்” என்பாள். 2018-இல் அரசாங்கம் மாறியது. 60 வயதைத் தாண்டிய சிவப்பு அட்டைக்காரர்களுக்குக் குடியுரிமை என்று அறிவிப்பு வந்தது. அதற்குப் பிறகும் சில தாள்கள், சில வரிசைகள். கடைசியில் கிடைத்தது. கொடுத்த நாளில் ஓர் அதிகாரி நல்ல மனிதர், நீண்ட உரை ஆற்றினார். இந்த நாடு உங்களை ஏற்றுக்கொண்டதற்கு நீங்கள் நன்றியோடு இருக்க வேண்டும் என்றார். பிறகு எல்லாரையும் நெகாராகூ பாடச் சொன்னார்கள். அக்கா பழைய நடையில், இழுத்து, பிசிறில்லாமல் பாடினாளாம். பக்கத்தில் நின்ற இளம் அதிகாரி பாதியில் வரி தப்பி அவள் வாயைப் பார்த்துப் பாடியிருக்கிறார். “நன்றி சொல்லச் சொன்னாங்க, தம்பி. யாருக்குன்னு நானும் கேக்கல. சொல்லிட்டு வந்துட்டேன்” என்றாள். 2022 பொதுத் தேர்தலில் முதல் ஓட்டுப் போட்டாள். விரல் மை போகாமல் இருக்க இரண்டு நாள் பாத்திரம் கழுவாமல் மருமகளிடம் ஏச்சு வாங்கினாள்.

போன மெர்டேக்கா மாதத்தில் பேரனுக்குப் பள்ளியில் ஒரு பயிற்சித்தாள் கொடுத்தார்கள். சுதந்திரக் காலத்தைக் கண்ட ஒருவரைப் பேட்டி கண்டு, நாம் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எழுதி வர வேண்டும். ஆகஸ்ட் 31, எல்லாரும் வீட்டில் இருந்தோம். பையன் பென்சிலைச் சீவிக்கொண்டு அக்காவின் எதிரே உட்கார்ந்தான்.

“பாட்டி, 1957-ல நீங்க எங்க இருந்தீங்க?”

“எங்கம்மா இடுப்புல.”

“என்ன பார்த்தீங்க?”

“எனக்கு ரெண்டு வயசு, கண்ணு. கிராணி வீட்டு ரேடியோவைப் பார்த்திருப்பேன். ஆனா எங்கப்பா எல்லாம் பார்த்தாரு. சொல்றேன், எழுது.”

அவள் எம்பயர் டே ரொட்டியில் தொடங்கினாள். கள்ளுக்கடைக்குக் கும்பிடு போட்டது, பெரியப்பா லாரியில் ஏறியது, பாட்டி தோட்டைக் கழற்றிக் கொடுத்தது, டவுனுக்குப் போகாமல் மிச்சம் பிடித்த ஒரு நாள் கூலி, ரஜூலா கப்பல், பெரிய வாத்தியார் கத்தரிக்கோல் என்று போய்க்கொண்டே இருந்தது. ஆட்டுக்கறி ஆறிவிட்டது. அவன் முதலில் வாயைப் பிளந்து கேட்டான், பிறகு தாளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். கடைசியில் ‘துங்கு அப்துல் ரஹ்மான்’ என்று அழகாக எழுதி, கீழே அவர் ஏழு முறை முழங்கியதையும் சேர்த்து, தாளை மடித்தான்.

“என்னடா, பாட்டி சொன்னது ஒண்ணுமே எழுதலையா?” என்றேன்.

“எழுதலாம் தாத்தா. டீச்சர் நாலு கோடுதான் போட்டிருக்காங்க.”